நூற்றுக்கு நூறு

கொண்டலாம்பட்டி பைபாஸ், டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேல்மாடி.
எனக்கு அங்கே இரண்டு திரைகள், கால் ஒடிந்த சுழல்நாற்காலி,
நாள் முழுக்க ரப்பர் வேகும் வாசனை.
நூற்றுப் பதினேழு வண்டிகள் என் கண்ணுக்குள் ஓடுகின்றன:
ஜவ்வரிசி மூட்டை, இரும்புச் சுருள், பால் டேங்கர்,
பள்ளிக்கூட வேன் நாலு,
ஆம்புலன்ஸ் ஆறு.

ஒவ்வொன்றின் ஸ்டியரிங்குக்கு அடியிலும்
சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி.
வேகம் சொல்லும்.
பிரேக்கை எத்தனை கோபத்தில் மிதித்தார்கள் என்று சொல்லும்.
சும்மா நின்று புகைவிட்ட நிமிடங்களைச் சொல்லும்.
கோள் சொல்வதற்கென்றே பிறந்த பிள்ளை.
நூறில் தொடங்கிக் கழித்துக்கொண்டே வரும்;
எழுபதுக்குக் கீழே சிவப்பு.
சிவப்புக்கு நான் போன் செய்ய வேண்டும்.

"ஆம்புலன்சுக்கும் இதே கணக்கா சார்?"
சேர்ந்த புதிதில் கேட்டேன்.
"சாப்ட்வேர் ஒண்ணுதானே வாங்கியிருக்கோம்" என்றார் மேனேஜர்.

தீர்த்தகிரிக்கு வாரம் மூன்று போன்.
ஐம்பத்திரண்டு. நாற்பத்தேழு. ஒருமுறை முப்பத்தொன்பது.
மலைமேல் நிற்கும் வண்டி அவருடையது.
ஏற்காட்டிலிருந்து இறங்கும் இருபது கொண்டை ஊசிகளும்
என் திரையில் இருபது சிவப்புப் பொட்டுகள்.
"கொஞ்சம் பார்த்து ஓட்டுங்கண்ணே."
"சரிங்கம்மா, பின்னாடி படுத்திருக்கிறவங்ககிட்டயும் சொல்லிடறேன்."
அதில் கேலி இருந்ததா என்று பதியும் பெட்டி
இன்னும் வரவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை, அவர் பெயருக்கு நேரே பச்சை.
சைரன் அணைந்தால் பெட்டிக்கு அது வேறு பயணம்.
நாகலூர் விலக்கிலிருந்து பதினொன்றாம் வளைவுவரை ஒன்று:
நாற்பத்துநாலு.
பதினொன்றாம் வளைவிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை மற்றொன்று:
நூற்றுக்கு நூறு.
எங்கள் கம்பெனியில் அதுவரை யாரும் நூறு எடுத்ததில்லை,
பால் டேங்கர்கூட.

சான்றிதழைச் சாப்ட்வேரே அச்சடித்துக் கொடுத்தது.
பரிசு, மூடி இறுகாத ஹாட்பாக்ஸ் ஒன்று.
மேனேஜர் கைகொடுத்தார், படம் எடுத்தார்கள், கைதட்டினோம்.
எல்லாரும் போனபின் அவர் என் மேசைக்கு வந்தார்.
"எந்த நாளுங்கம்மா அது?"

திரையைத் திருப்பினேன்.
சேர்வராயன் முகடுபோல எகிறி எகிறி வந்த கோடு
இரண்டு நாற்பத்தொன்றில் படுத்துவிடுகிறது.
விரல் நீட்டினார், கண்ணாடியில் படாமல், அரை அங்குலம் தள்ளி.
"இங்கதான் பிரிசில்லா சிஸ்டர் பின்னால இருந்து
ரெண்டு தட்டு தட்டுனாங்க."

அவ்வளவுதான் சொன்னார்.

மீதியை நான் பெட்டியிடம் படித்தேன்.
2.41.08, சைரன் நிறுத்தம்.
அதன்பின் மலை முடியும்வரை மணிக்கு இருபத்திரண்டு,
கூடவில்லை, குறையவில்லை.
கோரிமேட்டில், நாய்கூட இல்லாத ரோட்டில்,
இண்டிகேட்டர் போட்டுத் திரும்பியிருக்கிறார்.
அஸ்தம்பட்டி வேகத்தடை ஒவ்வொன்றையும்
தூங்குகிறவர் காலைத் தாண்டுவதுபோலத் தாண்டியிருக்கிறார்.
இனி எதுவும் வலிக்காத ஒருவரை
வலிக்காமல் கொண்டுபோயிருக்கிறார்.

ரெண்டு தட்டு.
அதற்குப் பெட்டியில் வயர் இல்லை.

ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
ஹாட்பாக்ஸைப் பெட்ரோல் டேங்க்மேல் வைத்து
முழங்காலால் அணைத்தபடி பைபாஸில் கலந்தார்.
சான்றிதழ் என் மேசையிலேயே கிடந்தது.
மறந்தாரா, விட்டாரா தெரியாது.

அடுத்த செவ்வாய், போன் செய்ய வேண்டிய பட்டியலில்
முதல் பெயர் தீர்த்தகிரி.
முப்பத்தொன்று.
இதுவரை இல்லாத குறைவு; இருபது பொட்டும் ரத்தச் சிவப்பு,
ஏழாம் வளைவில் இரண்டு.
எண்ணை அழுத்தவில்லை.
அறிக்கையைக் கீழே, இன்னும் கீழே இழுத்துப்போனேன்.
சைரன்: இயக்கத்தில்.
எதுவரை என்று தேடினேன்.
வாசல்வரை.

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தேன், அது கிறீச்சிட்டது.
நடவடிக்கை என்ற கட்டத்தில்
'ஓட்டுநரிடம் பேசியாயிற்று' என்று பொய்யாகத் தட்டினேன்.

அடுத்தது ஜவ்வரிசி லாரி.
ஆத்தூரில் நாற்பது நிமிடம் எஞ்சின் ஓட சும்மா நின்றிருக்கிறது.
அதற்குப் போன் செய்தேன்.